பிளஸ்ஸி வந்த ஈஸ்டர்

பெரிய வெள்ளிக்கு முந்தின நாளே லீலாபாய் மேற்கு அறைக் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டாள். வடசேரியிலிருந்து மினி லாரியில் வந்த மெத்தையை இரண்டு பேர் இறக்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு லீமா மதிலருகே வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், விருந்துக்காரங்க வாறாங்களா?"

"எனக்க மக வாறா, லீமா. ஈஸ்டருக்கு."

லீமா அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. டீச்சருக்கு மஸ்கட்டில் ஒரு மகன் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். மகள் ஒருத்தி உண்டு என்று அந்த வீட்டில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், 'எனக்க மக' என்று வாய்விட்டுச் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது என்பது லீலாபாய்க்கு உறைத்தது.

பிளஸ்ஸி திருநெல்வேலியில் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, கூடப் படித்த ஆதர்ஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். ஆதர்ஷ் அஞ்சுகிராமத்துக்காரன், இந்து வேளாளர் வீட்டுப் பையன். லீலாபாயின் கணவர் செல்வதாஸ் அப்போது கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். தடிக்காரன்கோணம் சபையில் செயலர். சேதி வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, "இனி அவ இந்த நடையைச் சவிட்டப்பிடாது. அவ பேரு இந்த வீட்டுல கேக்கவும் பிடாது" என்றார். லீலாபாய் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததைப் பிறகு எந்த நாளிலும் சொல்ல வாய்க்கவில்லை. வருஷம் ஒவ்வொன்றாகப் போயிற்று.

போன ஆகஸ்டில் செல்வதாஸ் நெஞ்சுவலி வந்து இறந்தார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே பிளஸ்ஸி கணவனோடு நிற்பதை லீலாபாய் பார்த்தாள். மண் போட்டு முடிந்து திரும்பியபோது அங்கே ஆள் இல்லை.

சொன்னால் பாவம் என்று நினைத்துக்கொண்டு அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. புருஷன் போன துக்கத்துக்கு அடியில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. குறுக்கே நின்றவர் போய்விட்டார், இனி பிள்ளை வரலாம் என்ற நிம்மதி. காலையில் அவர் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், "உம்மாலதானே எனக்க பிள்ளை எனக்கு இல்லாமப் போனா" என்று மனசுக்குள் சொல்வாள். எட்டு மாதமும் அப்படித்தான் சொன்னாள்.

மார்ச் மாதம் மகன் எபிசனிடம் பிளஸ்ஸியின் போன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். "ஈஸ்டருக்கு வருவியா மக்ளே?" என்று கேட்டாள். "அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்மா" என்றாள் பிளஸ்ஸி. இரண்டு நாள் கழித்து, 'சனிக்கிழமை வருகிறோம்' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை லீலாபாய் எத்தனை தரம் படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

எபிசன், தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால், தனியாகப் பெரிய வெள்ளி விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். அன்று மும்மணித்தியான ஆராதனை முடிந்து, சபைக் கோவிலில் கொடுத்த கஞ்சியையும் பயறையும் குடித்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அவன் ஏதோ சொல்ல வந்தவன் போல இரண்டு தரம், "அம்மா" என்றான்.

"என்ன மக்கா?"

"ஒண்ணும் இல்ல. அவ வந்தா நீ ரொம்ப ஒண்ணும் கேக்காத. சும்மா இரி."

"நான் என்ன கேக்கப் போறேன்? வந்தாப் போதும்லா எனக்கு."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. லீலாபாய் முற்றத்தில் இறங்கி நின்றாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஒரு மாதமாக நினைத்திருந்தாள். ஆனால் காரிலிருந்து இறங்கிய பெண் ஒரு கையில் ஆப்பிளும் திராட்சையும் போட்ட பையையும் இன்னொரு கையில் மிட்டாய்ப் பெட்டியையும் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். காதோரம் முடி நரைத்திருந்தது. முப்பத்தைந்து வயசுக்குள் நரையா என்று லீலாபாய் திகைத்து நிற்பதற்குள் பிளஸ்ஸி அருகே வந்து பையை நீட்டினாள்.

"நல்லா இருக்கியளாம்மா?"

இருக்கியளா! வாடி போடி என்று தாயைக் கூப்பிடாத குறையாக, "ஏம்மா, நீ என்னத்துக்கு இப்படிக் கெடந்து சத்தம் போடுத" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. லீலாபாய் பையை வாங்கிக்கொண்டு, "இருக்கேன் மக்ளே" என்றாள். கட்டிப்பிடிக்கக் கை ஒழியவில்லை.

ஆதர்ஷ் கும்பிட்டான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் அவளை ஒன்றும் கூப்பிடாமலே நாள் முழுக்கப் பேசி முடித்தான். ஆறு வயசு ஆர்த்திகா முன்பல் விழுந்த வாயோடு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். முந்திரிக்கொத்து ஒன்றைக் கையில் கொடுத்ததும், "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள்.

"ஆன்ட்டி இல்ல, பாட்டி" என்றாள் பிளஸ்ஸி. பிள்ளை அம்மாவை ஒருதரமும் லீலாபாயை ஒருதரமும் பார்த்துவிட்டு முந்திரிக்கொத்தைக் கடித்தது.

"பெட்டியெல்லாம் மேற்கு ரூம்ல கொண்டு வையுங்க" என்று லீலாபாய் ஆதர்ஷிடம் சொன்னாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க அஞ்சுகிராமத்துல தங்குதோம்மா" என்றாள் பிளஸ்ஸி மெதுவாக. "அத்தையும் மாமாவும் பிள்ளையைப் பாக்கணும்னு இருக்காவ. சாயங்காலம் போயிட்டு, நாளைக்குக் காலையில கல்லறைக்கு வந்துருதோம். காலைச் சாப்பாடு இங்கதான்."

"அதுக்கென்ன, அதுக்கென்ன" என்றாள் லீலாபாய். மேற்கு அறைக் கதவு திறந்து கிடந்தது. அதைப் போய்ச் சாத்தினாள்.

வீட்டுக்குள் வந்த ஆர்த்திகா ஹாலில் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு நேரே போய் நின்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா! ரப்பர்காய்த் தாத்தா!"

 எபிசன் கையிலிருந்த போனைப் பார்த்தான். ஆதர்ஷ், காரில் எதையோ எடுக்கப் போகிறவன் போல வெளியே போனான்.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்டாள் லீலாபாய்.

"பெறவு சொல்லுதேன்மா" என்றாள் பிளஸ்ஸி.

மதியச் சாப்பாட்டுக்கு நெய்மீன் கறி வைத்திருந்தாள். குளச்சல் மீன்காரியிடம் சொல்லிவைத்து வாங்கிய மீன். தேங்காயை மைபோல அரைத்து, பிளஸ்ஸிக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டு வைத்த கறி. கரண்டியில் நடுத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மகளின் தட்டுக்கு நேரே குனிந்தபோது பிளஸ்ஸி தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"நான் மீன் விட்டு ஏழு வருஷம் ஆச்சும்மா. எனக்கு மோர் போதும்."

மகள் மோரும் பொரியலும் வைத்துச் சாப்பிட்டாள். மீன் நல்லா இருக்கு என்று எபிசன் மூன்று தரம் சொன்னான்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் முற்றத்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளை உறங்கிவிட்டது. மறுநாள் ஆப்பத்துக்கு மாவரைக்க லீலாபாய் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸி வாசலில் வந்து நின்று, "நான் ஏதாவது செய்யட்டாம்மா?" என்று கேட்டாள். அந்த அடுக்களையில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"இங்க வந்து இரி. பிள்ளைக்கு உனக்க அப்பாவை எப்படித் தெரியும்? அதை மட்டும் சொல்லு."

பிளஸ்ஸி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா வருவாவம்மா. மாசத்துல ரெண்டாவது புதன்கிழமை. மூணு வருஷமா வந்தாவ."

துருவுகிற கை நின்றது. ரெண்டாவது புதன்கிழமை. திருநெல்வேலியில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று செல்வதாஸ் போகிற நாள். காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போவார், இருட்டுவதற்குள் வருவார். வெளியில் சாப்பிட்டால் அவருக்கு வயிறு சரியாக இராது என்று அவள்தான் நாலு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் கட்டிக் கொடுப்பாள்.

"கண்ணாஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டுப் போவாவ. நான் இட்லி கெட்டிக் குடுப்பேன்."

"தெரியும். அதை எனக்குத் தருவாவ. 'உனக்க அம்மை அவிச்சது, தின்னு'ன்னு பக்கத்துல இருந்து பாத்துட்டு இருப்பாவ. அவியளுக்கு நான் தோசை சுட்டுக் குடுப்பேன். ஆர்த்திகாவுக்குப் பை நிறைய ரப்பர்காய் பெறக்கிட்டு வருவாவ. அதை வச்சுத்தான் அவளுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தாவ."

மூன்று வருஷம் தான் அவித்த இட்லியைத் தன் மகள் தின்றிருக்கிறாள். லீலாபாய்க்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, துருவியைத் தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது.

"எபிசனுக்குத் தெரியுமா?"

"அண்ணன்தான் அட்ரஸ் குடுத்தான்."

"எனக்கு மட்டும் தெரியாண்டாமா? நான் யாரு? ஏன் அவிய எங்கிட்ட சொல்லல?"

"நான் கேட்டேன்மா. அம்மாட்ட சொன்னியளான்னு வரும்போதெல்லாம் கேப்பேன். 'வேண்டாம் மக்ளே, உனக்க பேரைச் சொன்னாலே அவ எழும்பிப் போயிருதா. ரெண்டு மூணு தரம் சொல்லிப் பாத்தேன். அவளுக்கு மனசு ஆறல. எனக்க சொல்லைக் காப்பாத்துததுக்காக மனசைக் கல்லாக்கி வச்சிருக்கா, நான் என்னன்னு அவகிட்ட போய்ச் சொல்ல'ன்னு சொல்லுவாவ. அப்படிச் சொல்லும்போ அழுவாவ."

"நான் எழும்பிப் போனது..." என்றாள் லீலாபாய். 

அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு மூன்று தரம் அப்படி நடந்தது. ஒரு மழை நாளில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "பிளஸ்ஸிக்கு இப்போ முப்பத்திரண்டு நடக்கும் இல்லியா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழுதால் இன்னும் உனக்கு அவள் நினைப்பா என்று கத்துவார் என்று பயந்து, பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைக்குப் போனாள். துணி எடுக்கிற சாக்கில் மழையில் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவளைச் சோதிக்கத்தான் கேட்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு பேரும் ஒரே பிள்ளையை நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

"அவியதான் அப்படி நினைச்சாவ. நீயாவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா மக்ளே?"

பிளஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த மரியாதை அப்போதுதான் முதல்முதலாக விலகியது.

"போட்டேன்லா?"

"எப்போ?" என்று கேட்டாள் லீலாபாய். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம். டிசம்பர் மாசம். ஆஸ்பத்திரியில இருந்து போட்டேன். எனக்க போன் சார்ஜ் போயி, ஒரு நர்ஸ் அக்காட்ட கெஞ்சி வாங்கிப் போட்டேன். ஏழாம் மாசம். வயித்துக்குள்ளயே பிள்ளை போயிட்டு. பெத்து எடுத்து, துணியில சுத்தி, எனக்குக் காட்டிட்டு, வெளிய கொண்டு போயிட்டாங்க. ஆர்த்திகா அப்பாவும் கூடவே போயிட்டாங்க. ரூம்ல நான் மட்டும் கெடந்தேன். எனக்கு அப்போ உன்னைத் தவிர யாரையும் தோணல. 'அம்மா'ன்னு கூப்பிட்டேன். ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீ எனக்க சத்தத்தைக் கேட்டே. கேட்டுட்டு, 'ராங் நம்பர்'னு சொல்லி வச்சே."

நீ என்று மகள் அழைத்துவிட்டாள். அதைக் கேட்கவா இத்தனை வருஷம் ஏங்கினாள் லீலாபாய்!

அந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை ஏற்பாட்டுக்காகச் சபைக் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காப்பித் தட்டோடு நின்றபோது போன் அடித்தது. தெரியாத எண். 'அம்மா' என்று கேட்டதும் தலையை நிமிர்த்தினாள். எதிரே செல்வதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அதே எண்ணைக் கூப்பிட்டாள். வேறொரு பெண் எடுத்து, "யாரு வேணும்?" என்றாள். லீலாபாய் பயந்து வைத்துவிட்டாள். பிள்ளை சும்மா நலம் கேட்கக் கூப்பிட்டிருப்பாள், இன்னொரு நாள் கூப்பிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு அந்தக் கூப்பிடல் ஒரு கனவு போல ஆகிவிட்டது.

"எனக்குத் தெரியாதே மக்ளே. பிள்ளை போன விஷயம் எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா போனை வச்சிருக்க மாட்டியா?"

லீலாபாயிடம் அதற்குப் பதில் இருந்தது. வைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தாள். செல்வதாஸின் அந்தப் பார்வையும் ஏழெட்டுப் பேரும் காப்பித் தட்டும் கண் முன்னால் வந்தன. அவளால் சத்தியமாக அப்படிச் சொல்ல முடியவில்லை.

பிளஸ்ஸி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தைதான் நாப்பது நாள் என்னைப் பாத்துக்கிட்டாவ. பால் கட்டி நெஞ்சு கல்லு மாதிரி ஆயி நான் கெடந்து கத்துவேன். அவிய பக்கத்துல இருந்து ஒத்தடம் குடுப்பாவ. ஆர்த்திகா வயித்துல இருக்கும்போ, இதாவது நல்லபடியா வரணும்னு அத்தை நேந்துக்கிட்டாவ. மீன் இறைச்சி தொடமாட்டோம்னு ரெண்டு பேரும் விட்டோம்." அவள் குரல் பழையபடி மரியாதையாகிவிட்டது. "அழாதீங்கம்மா. பிள்ளை எழும்பிரும்."

சாயங்காலம் கார் போனபின் எபிசன் அவளருகில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மக்கா?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாவம்மா. அப்பா போன பெறவு சொல்லலாம்னு நினைச்சேன். அப்போ நீ அழுதுட்டுக் கெடந்தே. இதையும் எப்படிச் சொல்ல?"

அவனிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு முகம் இல்லை.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து ஆறரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது பிளஸ்ஸியும் ஆதர்ஷும் பிள்ளையும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே, செல்வதாஸின் கல்லறைக்குப் பக்கத்தில். ஊரெல்லாம் புதுத்துணி உடுத்திக் கையில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நடந்தது. பழைய கமிட்டிக்காரர் ஒருவர் பிளஸ்ஸியைப் பார்த்து நின்று, "இது யாரு, டீச்சருக்க மகளா?" என்று கேட்டார். "ஆமா, எனக்க மக" என்றாள் லீலாபாய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். இவர்களுக்குப் பயந்தா இத்தனை வருஷம் இருந்தோம் என்று அவள் அவர் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் ஆப்பம் சுட்டாள். எபிசனுக்கும் ஆதர்ஷுக்கும் கோழிக்கறி. பிளஸ்ஸிக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். பிள்ளை ஆப்பத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரத்து மொரமொரப்பை மட்டும் பிய்த்துத் தின்றது. பிளஸ்ஸி சின்னதில் அப்படித்தான் தின்பாள் என்று சொல்ல வந்து லீலாபாய் சொல்லாமல் விட்டாள்.

மதியச் சாப்பாடும் முடிந்து அவர்கள் புறப்படும்போது அவள் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையை எங்க வச்சீங்க?"

பிளஸ்ஸி பிள்ளையின் செருப்பு வாரை மாட்டக் குனிந்தாள். ஆதர்ஷ்தான் சொன்னான்: "எங்க தோப்புல. அஞ்சுகிராமத்துல. எங்க அப்பாதான் கொண்டு போனாங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா? நான் பஸ்ல திரும்பி வந்துருவேன்."

ஆதர்ஷ் மனைவியைப் பார்த்தான். "வரட்டும்" என்றாள் பிளஸ்ஸி.

காரில் ஒரு மணி நேரம். பிளஸ்ஸி முன் இருக்கையில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை லீலாபாயின் மடியில் தலையை வைத்து உறங்கியது. அந்தத் தலையின் கனத்துக்காக அவள் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆதர்ஷின் அம்மா அழகியநாயகி வாசலுக்கே வந்துவிட்டாள். ஒல்லியான, நெற்றி நிறைய திருநீறு பூசிய பெண். "வாங்க சம்மந்தி" என்று லீலாபாயின் கையைப் பிடித்தாள். அப்படி ஓர் உறவு தனக்கு இருப்பது லீலாபாய்க்கு அந்த நிமிஷம் வரை தோன்றியதில்லை. அந்தக் கையை விடாமல், "நீங்க அவளைப் பாத்துக்கிட்டதுக்கு..." என்று தொடங்கினாள். அழகியநாயகி, "அதெல்லாம் என்னத்துக்கு, எனக்கும் மகதானே" என்று முடித்துவிட்டாள். குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆதர்ஷின் அப்பா கணபதியப்பன் எழுபது தாண்டிய மனிதர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். பிளஸ்ஸி வரவில்லை. "அவ இந்தப் பக்கமே வாறதில்ல" என்றார் அவர். பம்புசெட்டைத் தாண்டி, வரப்போரம் இரண்டு தென்னைக்கு நடுவே நின்றார்.

"இங்கினதான். ஆம்பிளப் பிள்ளை. கல்லு ஒண்ணும் நாட்டல, எங்க வழக்கம் இல்ல. ஆனா மண்வெட்டி படாமப் பாத்துக்கிட்டு வாறேன்."

அன்று காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. லீலாபாய் குனிந்து உட்கார்ந்தாள். ஊரில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ சாவுக்கு அவள் ஜெபம் சொல்லியிருக்கிறாள். இங்கே ஒரு சொல் வரவில்லை.

"தலை எந்தப் பக்கம் வச்சீங்க?"

"தெக்கால" என்றார் கணபதியப்பன். பிறகு, அவளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாதவர் போல, "முகம் அப்படியே பிளஸ்ஸிதான். எனக்கு நல்லா ஓர்மை இருக்கு" என்றார்.

தெற்குப் பக்கத்து மண்ணில் கையை வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். அப்போது வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "அத்தே! இவளைப் பாருங்க, இன்னும் உடுப்பு மாத்தல. நீங்க செல்லம் குடுத்துக் குடுத்துத்தான் இவ இப்படி ஆடுதா. வரட்டும், இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் உண்டு!" அதைத் தொடர்ந்து அழகியநாயகியின் சிரிப்பும் பிள்ளையின் கத்தலும். உரத்த, உரிமையான, பதினோரு வருஷத்துக்கு முந்தைய அதே குரல். நேற்றும் இன்றும் தன் வீட்டில் மகள் ஒருதரமாவது இப்படிக் குரலை உயர்த்தினாளா என்று லீலாபாய் நினைத்துப் பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் சத்தம்" என்று கணபதியப்பன் சிரித்தார்.

அழகியநாயகி காப்பி கொடுத்து, ராத்திரி தங்கிவிட்டுப் போகலாமே என்று வற்புறுத்தினாள். லீலாபாய் மகளைப் பார்த்தாள். மகள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "இன்னொரு நாள் வாறேன் சம்மந்தி" என்றாள் லீலாபாய்.

பஸ் நிறுத்தம் வரை பிளஸ்ஸி கூட வந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. ஈஸ்டர் ஞாயிறு என்பதால் நிறுத்தத்தில் கூட்டமில்லை.

"மக்ளே, அம்மையை மன்னிச்சிரு."

பிளஸ்ஸி செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றாள். "எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா. இருந்தா வந்து சண்டை போட்டிருப்பேன்லா? அப்பாட்ட அப்படித்தான் சண்டை போட்டேன். முத நாள் அவியளை வெளியவே நிறுத்தி வச்சுக் கத்தினேன். உங்ககிட்ட எனக்கு அது வரமாட்டேங்குது. வரணும்னுதான் வந்தேன். என்ன செய்ய?"

"பரீட்சை லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வருவியா?"

"பாப்போம்மா."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது பிளஸ்ஸி கையை உயர்த்தினாள். பஸ் நகர்வதற்கு முன்பே திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

வயல்களைத் தாண்டிப் போகும்போதுதான் லீலாபாய்க்கு அது நினைவு வந்தது. செல்வதாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி இருந்தது. அதைக் கையால் விலக்கி, "பிள்ளையளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு என்றுதான் கேட்டார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று அவள் நினைத்தாள். "எபிசனுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துருவான்" என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவர் போல உதடு அசைந்தது. பிறகு மூடியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். திருநெல்வேலி இரண்டு மணி நேரத் தூரம். அன்றைக்கு ஒரு போன் போட்டிருந்தால் மகள் வந்து அவரைப் பார்த்திருப்பாள்.

வடசேரி பஸ் நிலையத்தில் எபிசன் காரோடு நின்றிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும், "பிளஸ்ஸி என்னம்மா சொன்னா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் பேசினா." சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஈர மண்ணை அவள் தட்டவில்லை. "மக்கா, சாகும்போ உனக்க அப்பா என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டுப் போயிருப்பாவ?"

எபிசன் அவள் பக்கம் திரும்பினான். பின்னால் நின்ற பஸ் ஒலி எழுப்பியது. அவன் வண்டியை எடுத்தான். வீடு போய்ச் சேரும் வரை அவள் அந்த மண்ணை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.